காண்பன, அறிவன

பத்து மணிக்குப் பெல் அடித்தது. ஆண்டிபட்டியில் ஒன்பதே முக்கால் பஸ்ஸில் அவர் ஏறியிருப்பார். உசிலம்பட்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்குவான், செக்கானூரணியில் கூட்டம் ஏறும், மதுரை ஆரப்பாளையம் போய்ச் சேரப் பதினொன்றேகால். அங்கிருந்து ஆட்டோ பிடிக்கிற ஆள் இல்லை அவர், டவுன் பஸ்ஸுக்குத்தான் நிற்பார். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டு மணிக்குள் என் மகள் அபிநயாவின் ஹாஸ்டல் வாசலில் என் வீட்டுக்காரர் நிற்பார். வார்டனிடம் டி.சி. கேட்பார். மகளிடம் பெட்டியைக் கட்டு என்பார். நர்சிங் இரண்டாம் வருஷம் அதோடு சரி. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதரிடம் நான் ஒரு வாக்கியம் சொன்னேன், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ஒரே ஒரு வாக்கியம். ஒங்க மக நேத்து ஆரப்பாளையத்துல ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னா, ரொம்ப நாள் பழக்கம். இதைச் சொல்லிவிட்டு நான் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு எழுத வந்து உட்கார்ந்திருக்கிறேன், நாற்பத்தோரு வயதில். என் பெயர் ஜெயக்கொடி. அந்தக் கொடி இதுவரை எங்கும் பறந்ததில்லை. மேஜை கறுப்புக் கல், கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. கேள்வித்தாளில் மூன்று சோதனை. முதலாவது, கொடுக்கப்பட்ட உப்பு நீரில் கரைவது வெப்ப உமிழ் வினையா, வெப்பக் கொள் வினையா என்று கண்டறிக. எழுத்து கண்ணில் நிற்க மாட்டேன் என்கிறது. பஸ் இப்போது உசிலம்பட்டிப் பாதையில் புளியமரங்களைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

இந்த லேபில் முப்பது பேர் இருக்கிறோம், எல்லாரும் தனித்தேர்வர்கள், அதாவது படிக்க வேண்டிய வயதில் படிப்பை விட்டவர்கள். லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார், பேத்தி எடுத்தவள் இருக்கிறாள். என் பக்கத்தில் ஜெய்த்தூன் அக்கா, தையல் கடை வைத்திருக்கிறாள், மகன் துபாயிலிருந்து வீடியோ காலில் படிம்மா படிம்மா என்று உயிரை எடுப்பதால் படிக்கிறாள். நான் படிப்பது நாற்காலிக்காக. பதினாறு வருஷமாகச் சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளர், தினமும் நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்க வைக்கிறேன், பத்தாவது பாஸ் என்று ஒரு தாள் இருந்தால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம், உட்கார்ந்து வேலை பார்க்கலாம், புகை கண்ணைக் கரிக்காது. சனிக்கிழமை தோறும் இங்கே வந்தோம். ரெபேக்கா டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் முறைத்தால் லாரிக்காரரே எழுந்து நிற்பார். முதல் நாளே போர்டில் ஐந்து வார்த்தை எழுதினார். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன. காண்பன என்றால் கண்ணால் கண்டது, கையால் தொட்டது, அவ்வளவுதான், அதில் ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. அறிவன என்றால் அதை வைத்து நாம் அறிந்துகொண்டது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போடுங்க, கோட்டத் தாண்டி எழுதினா மார்க் கெடையாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு கோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒருத்தி பட்டப்பகலில் கதவைச் சாத்தினாள் என்றால் அது காண்பன. அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், நேரே அறிவனதான், அதுவும் ஆளுக்கொன்று. அப்புறம் கருதுகோள் என்றார். இப்படி இருக்கலாம் என்று முதலில் வருகிற யோசனை, சோதித்துப் பார்க்கிற வரை அது வெறும் யோசனைதான். அப்புறம் மாறிகள். நாம் மாற்றுவது சாரா மாறி, அதனால் மாறுவது சார்ந்த மாறி, மாறாமல் வைத்திருப்பது மாறிலி. ஜெய்த்தூன் அக்கா என் காதில், எங்க வீட்ல அவரு சாரா மாறி, நான் சார்ந்த மாறி, எங்க மாமியா மாறிலிடி என்றாள். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் கதை வேறு. நான் ஒரு வாக்கியத்தை மாற்றினால் அவர் பஸ் ஏறிவிடுகிறார். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வரிசையில் நிற்கும்போதே சேதி வந்துவிட்டது. டுட்டோரியல் மாஸ்டர் யாருக்கோ போன் போட்டாராம், இன்றைக்கு உப்பு காஸ்டிக் சோடா, கரைத்தால் சூடாகும், வெப்ப உமிழ், முப்பது டிகிரியிலிருந்து முப்பத்தாறு என்று போட்டுவிடுங்கள். வரிசை முழுக்க முப்பத்தாறு முப்பத்தாறு என்று முணுமுணுப்பு ஓடியது, கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி. இங்கே எல்லாரும் அடியிலிருந்துதான் எழுதுவார்கள், அது எங்கள் பழக்கம். அறிவன முதலில், அதற்குத் தோதாகக் காண்பன, அதற்குத் தோதாக அட்டவணை, பிறகு செய்முறை, நேரம் மிஞ்சினால் கடைசியில் சோதனை. குவிலென்சுக்கு விடை இருபது சென்டிமீட்டர் என்று தெரிந்தால் பத்தொன்பது புள்ளி எட்டு, இருபது புள்ளி ஒன்று, இருபது என்று மூன்று அளவை இட்டுக்கட்டத் தெரியாதவன் எங்களில் இல்லை. ரெக்கார்டு நோட்டில் ரெபேக்கா டீச்சர் ஒருதரம் என் அளவுகளைப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகா இருக்கே, அளந்தீங்களா என்று கேட்டார். நான் நோட்டை வாங்கி மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதேதான். தாளை வாங்கியதும் அடியில் போய்க் குண்டு குண்டாக எழுதினேன். அறிவன: உப்பு நீரில் கரையும்போது வெப்பம் வெளிப்படுகிறது, எனவே இது வெப்ப உமிழ் வினை. அதற்கு மேல் காண்பன என்று தலைப்பு மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன். தெர்மாமீட்டர் முப்பது பேருக்கு நான்குதான், எங்கள் மேஜைக்கு இன்னும் வரவில்லை. அதற்குள் பொட்டலம் வந்துவிட்டது. பட்டர் பேப்பரில் வெள்ளைப் பொடி. காஸ்டிக் சோடா எங்களுக்கு வகுப்பில் காட்டினார்கள், அது செதில் செதிலாக, கல்லுக் கல்லாக இருந்தது. இது பரிமாற வைத்த பொடியுப்பு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அரைத்திருப்பார்கள். பார், இதுதான் புத்தி. கண் ஒன்றைச் சொல்கிறது, எழுதிவிட்ட கை அதற்கு ஒரு சாக்குச் சொல்கிறது. மணி பத்தே முக்கால். செக்கானூரணி வந்திருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். கை நீட்டினதில்லை, குடித்துவிட்டு வாசலில் நின்றதில்லை, காய்கறி வேன் ஓட்டி மகளை நர்சிங் சேர்த்தவர், அவளுக்கு வெள்ளைக் கோட்டு வாங்கப் போனபோது கடைக்காரனிடம் எம் மகளுக்கு எம் மகளுக்கு என்று நான்கு தரம் சொன்னவர். ஆனால் எடுத்த காலைத் திருப்பி வைக்கத் தெரியாது. அவசரப்பட்டு வாங்கின தேங்காய் அழுகல் என்றாலும் துவையல் அரைத்துத் தின்பார், திருப்பிக் கொடுக்க மாட்டார். இப்போது அவர் மனதில் வேலை முடிந்திருக்கும். மாப்பிள்ளை வரைக்கும் போயிருப்பார். தங்கச்சி மகன் ஒருத்தன் சின்னமனூரில் பைனான்ஸில் இருக்கிறான், அவனை நினைத்திருப்பார். வைகாசிக்குள் முடித்துவிடலாம் என்று. நானும் காலையில் அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை, சின்னமனூர்க்காரன் முகம் எனக்கும் ஒரு நிமிஷம் வந்து போனது, நல்ல வேளை சொந்தத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்று. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. தெர்மாமீட்டர் வந்துவிட்டது. தண்ணீரில் விட்டேன், மாடித் தொட்டித் தண்ணீர், வெயிலில் காய்ந்தது, முப்பத்திரண்டு காட்டியது. பொடியைக் கொட்டினேன். கண்ணாடிக் குச்சியால் கலக்கினேன். ஒரு கையால் பீக்கரைப் பிடித்தபடி சின்னமனூரை நினைத்துக்கொண்டே கலக்கினேன். உள்ளங்கையில் என்னவோ செய்தது. சூடு இல்லை. நான் சாம்பார்க் கொப்பரை இறக்குகிறவள், சூடு எப்படி வரும் என்று என் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பீக்கர் சில்லிட்டுக்கொண்டிருந்தது. பானைத் தண்ணீர் மாதிரி, பிறகு ஐஸ்காரன் பெட்டி மாதிரி, வெளிப்பக்கம் வேர்த்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தேழு. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்தாறரை.

முதலில் கோபம்தான் வந்தது, உப்பின் மேல். நான் எழுதியாயிற்று, நீ சூடாக வேண்டியதுதானே. அப்புறம் சாக்கு. மேலே மின்விசிறி சுற்றுகிறது, அதனால் ஆறியிருக்கும். தண்ணீர் தானாகவே ஆறியிருக்கும். டீச்சர் சொன்ன இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது, கட்டுப்பாட்டுச் சோதனை. ஒன்றில் உப்புப் போடு, இன்னொன்றில் எதுவுமே போடாதே, பக்கத்தில் வை, அப்போதுதானே எது எதனால் மாறியது என்று தெரியும். லேப் அட்டெண்டரிடம் இன்னொரு பீக்கர் கேட்டேன். ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா, இதென்ன கல்யாணப் பந்தியா என்று எரிந்து விழுந்தார். ரெபேக்கா டீச்சர் தூரத்திலிருந்து குடுங்க என்று கை காட்டினார். வெறும் தண்ணீரை ஊற்றி அதே விசிறிக்கடியில் வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து முப்பத்தொன்றரை. உப்புப் போட்டதில் இருபத்தாறரை. ஆக விசிறி இல்லை. உப்புதான். இரண்டு பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன, தொட்டுப் பார்க்காமல் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. மனுஷர்களுக்கு இப்படி ஒன்று கிடையாதே என்று தோன்றியது. எதுவும் போடாத இன்னொரு ஜெயக்கொடி எங்கேயாவது ஒரு மேஜையில் இருந்தால் நான் அவளைத் தொட்டுப் பார்த்திருப்பேன். பத்தாவதைத் தொண்ணூற்றொன்பதிலேயே எழுதின ஜெயக்கொடி. அந்த வருஷம் இதே செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குச் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரைய வரவில்லை. சூலகம் வரைந்தால் சுரைக்காய் மாதிரி வந்தது. பி செக்‌ஷனில் கருணாகரன் என்று ஒருவன் அச்சு மாதிரி வரைவான். பஸ் ஸ்டாண்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று அவன் ரெக்கார்டு நோட்டை வாங்கி என் பைக்குள் வைத்தேன். டயர் கடையிலிருந்து பெரியப்பா மகன் பார்த்தான். வீட்டுக்கு நான் வருவதற்குள் அவன் வந்துவிட்டான். தொட்டிக்குப் பின்னாடி நின்னா, என்னமோ குடுத்தான், இவ பைக்குள்ள ஒளிச்சா. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, ஒளிச்சா என்பதைத் தவிர. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் அப்பா ஊர்ப் பஞ்சாயத்தில் அடிக்கடி சொல்வார், அடுத்த வீட்டு வழக்காக இருந்தால். அன்றைக்கு அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் விறகடுப்பில் வைத்தார். செம்பருத்தி, தவளை இதயம், லிட்மஸ் தாள் எல்லாம் எரிந்தது. பாவம் கருணாகரன், அவன் என்ன செய்தானோ நோட்டில்லாமல். பங்குனியில் எனக்குப் பரிசம் போட்டார்கள். பரீட்சை அதற்கு மறுவாரம்.

அப்படியானால் நான் யார். நேற்று நான்தானே டயர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பீக்கரைத் தள்ளி வைத்தேன். சரி, கோடு போடுகிறேன். கேள்வித்தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் காண்பன. நேற்று மாலை ஐந்தே முக்கால், நாத்தனாருக்கு மதுரையில் ஆபரேஷன், பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஆண்டிபட்டி பஸ்ஸில் இடது பக்க ஜன்னல். டீக்கடை, முப்பதடி தூரம். அபிநயா, நீலச் சுடிதார். ஒருத்தன், இருபத்தைந்து வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை. அவன் உட்கார்ந்திருந்தான். அதை நான் சொல்லவில்லையே அவரிடம். பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். அவள் நின்றாள். அவன் கை அவள் கையில். எப்படி இருந்தது. விரல் கோத்திருந்தாளா. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன், லேபில் முப்பது பேர் கண்ணாடிக் குச்சி தட்டுகிற சத்தத்துக்கு நடுவில். கோக்கவில்லை. மணிக்கட்டு. மூன்று விரலால் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்புறம் அவள் முகம். காலையிலிருந்து அவள் முகத்தை அவன் முகத்துக்கு நேரே வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உருகி உருகிப் பார்க்கிறாள் என்று. இல்லை. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. தன் இடது கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. போன தீபாவளிக்கு வந்தபோது வீட்டில் ஒருத்தர் கையை விடவில்லை அவள், நாடி பிடித்துப் பிடித்து வாட்சைப் பார்த்து எண்ணினாள், எனக்கு எண்பத்தெட்டு, அவருக்கு எழுபத்திரண்டு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியையும் பிடித்துவிட்டு இது கணக்குக்கே வரமாட்டேங்குதும்மா என்றாள். அப்போதும் உதடு இப்படித்தான் அசைந்தது. இதை நான் நேற்றே பார்த்திருக்கிறேன். பார்த்தது எல்லாம் உள்ளே இருக்கிறது. நான்தான் அடியிலிருந்து எழுதினேன்.

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்த மூச்சு பாதியில் நின்றது. இதுவும் கருதுகோள்தானே ஜெயக்கொடி. காலையில் உனக்குப் பயமாக இருந்தது, பயத்துக்குத் தோதாகக் கண்டாய். இப்போது மனசு குறுகுறுக்கிறது, அதற்குத் தோதாகக் காண்கிறாய். காதலனுக்கும் நாடி துடிக்கும். அவனுக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம், அவள் ஆசையாகப் பிடித்துப் பார்த்திருக்கலாம், பஸ்ஸுக்கு நேரமாச்சே என்று வாட்சைப் பார்த்திருக்கலாம். ஆறே காலுக்குள் ஹாஸ்டலுக்குள் இருக்க வேண்டியவள் ஆரப்பாளையத்தில் எதற்கு நின்றாள். யாரிடம் கேட்கலாம். டீக்கடைக்காரரைக் கேட்கலாம், நேற்று ஒருத்தன் மயங்கி விழுந்தானா என்று. வார்டனைக் கேட்கலாம், அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனாளா என்று. ரூமில் கூட இருக்கிற கம்பம் ஊர்ப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அவளைக் கேட்கலாம். ஆக எனக்குத் தெரிந்தது என்ன என்று கோட்டுக்கு அந்தப் பக்கம், அறிவன என்ற பக்கம் எழுதப் போனேன். பேனா நின்றது. ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு வயதில், பெற்ற மகளைப் பற்றி, அந்தப் பக்கத்தில் எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் இருந்த பயம் வேறு, இது வேறு. இந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதரைப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. டவுன் பஸ்.

விடைத்தாளை எடுத்து அடியில் எழுதியிருந்ததைக் குறுக்காக அடித்தேன். காண்பனவில் முப்பத்திரண்டு, இருபத்தாறரை, வெறும் தண்ணீர் முப்பத்தொன்றரை என்று எழுதினேன். பிறகு கீழே வெப்பக் கொள் வினை. ஜெய்த்தூன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தொடையில் கிள்ளினாள். எல்லாரும் முப்பத்தாறு போட்டிருக்கோம்டி, நீ மட்டும் எறக்கிப் போட்டா மாட்டிக்கிருவ என்றாள் உதட்டை அசைக்காமல். நான் அவள் பீக்கரை அவள் பக்கம் நகர்த்தி, தொட்டுப் பாருக்கா என்றேன். அவள் பொடியைக் கொட்டியிருந்தாள், ஆனால் தொடவில்லை. தொட்டாள். கையைப் பின்னால் இழுத்தாள், மறுபடி தொட்டாள். சுற்றிலும் பார்த்தாள். எல்லாத் தாளிலும் முப்பத்தாறு.

"சில்லுனுதான் இருக்கு," என்றாள். "ஆனா எழுதியாச்சேடி."

எழுதியாச்சே. சொல்லியாச்சே. பஸ் ஏறியாச்சே. எங்கள் அப்பா அன்றைக்கு நோட்டைத் திறந்து பார்த்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பியாச்சே. என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது, எழுந்துவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, என்னம்மா, லென்சு இருக்கு, மாதிரி அடையாளம் காண்றது இருக்கு, அதுக்குள்ளயா என்றார். ஒரு போன் பேசணும் என்றேன். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றார். அது நியாயம்தான், அவர் பேரில் குற்றமில்லை. பாஸாக இருபத்தைந்துக்குப் பதினைந்து மார்க் வேண்டும். ரெக்கார்டு நோட்டையும் இந்த உப்பையும் சேர்த்தால் பதிமூன்று தேறும். நாற்காலி இன்னொரு வருஷம் தள்ளிப் போகும், புகை இன்னொரு வருஷம். அரைமணி நேரத்தில் லென்சை முடித்துவிடலாம், அளக்கக்கூட வேண்டாம், இருபது என்று தெரியும், இட்டுக்கட்டிவிட்டு ஓடலாம். அரைமணியில் அங்கே டி.சி. கைக்கு வந்துவிடும். ரெபேக்கா டீச்சர் பக்கத்தில் வந்தார். ஒடம்பு முடியலையா என்று கேட்டார். இல்ல டீச்சர், ஒரு தப்பு பண்ணிட்டேன், சொல்லணும் என்றேன். அவர் என் தாளை வாங்கினார், அடித்து எழுதியதைப் பார்த்தார். அட்டெண்டர் உள்ளே வரும்போது எங்களிடம் வாங்கிப் போட்ட போன் கூடையைக் கிளறி என் போனைக் கொடுத்தார். வராண்டாவில் வெயில் அடித்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை முழுதாக அடித்து ஓயப் போகும்போது எடுத்தார்.

"எழுதிட்டியா? நல்லா எழுதுனியா?" என்றார். அந்த நேரத்திலும் அதைக் கேட்டார்.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆபீஸ் ரூமில் என்றார். டி.சி.க்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இங்கே இருக்கிற கிளார்க் அம்மாவிடம் பேனா வாங்கியிருக்கிறேன், ஒன் மக எதுத்தாப்லதான் நிக்கிறா, நான் சொன்னதுக்கு ஆமாங்கவும் இல்ல, இல்லங்கவும் இல்ல, வாயவே தெறக்க மாட்டேங்கிறா என்றார்.

"எழுதாதீங்க," என்றேன். "காலையில நான் சொன்னது தப்பு. பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணு."

அங்கே ஏதோ டைப் அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அப்ப கையப் பிடிக்கலயா என்றார். பிடித்திருந்தாள், மணிக்கட்டை, வாட்சைப் பார்த்துக்கொண்டு, பஸ் ஜன்னலிலிருந்து நான் கண்டது அவ்வளவுதான், பழக்கம் என்பது நானாகச் சேர்த்தது என்று சொன்னேன். அப்ப அவன் யாரு என்றார். தெரியாது என்றேன். தெரியாமயா என்னையப் பஸ் ஏத்திவிட்ட என்று கேட்டார், கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக. ஆமா என்றேன். இந்தா, ஒங்கம்மா பஸ்ஸுலருந்து பாத்தாளாம், நீயே பேசு என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டார். மூச்சுச் சத்தம் கேட்டது. அபி என்றேன். அபிம்மா என்றேன். இதுவரைக்கும் எவ்வளவு பேரை விசாரிக்க நினைத்தேன், டீக்கடைக்காரர் வரைக்கும். இவளுக்கு ஒரு போன் போட எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ பஸ்ஸுலயாம்மா இருந்த?" என்றாள்.

"இருந்தேன்."

"எறங்கி வந்திருக்கலாம்ல," என்றாள். குரல் உடைந்தது. "எவ்வளவு பயந்துபோயி நின்னேன் தெரியுமா. பெரியவுக யாராச்சும் வரமாட்டாகளான்னு சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே நின்னேன்."

யாரும்மா அது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் கேட்டால் அது விசாரணையாகத்தான் இருக்கும், பக்கத்தில் அவர், எதிரே பேனாக்கார அம்மா. கேட்கவில்லை. நீ கிளாசுக்குப் போத்தா, அப்பாட்ட குடு என்றேன். அழுகையை மூக்கால் உறிஞ்சிக்கொண்டு சரி என்றாள். அவர் வாங்கி, என்ன சொன்னா, யாராம் என்றார். கேட்கலை என்றேன்.

"கேக்கலயா? தெரியாம எப்பிடி இருப்ப நீ?"

"இருந்துக்கிறேன். அவளாச் சொல்ற அன்னைக்குத் தெரிஞ்சுக்கிறேன். நீங்க கெளம்பி வாங்க."

எடுத்த காலைத் திருப்பி வைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் அவசரப்படுத்தவில்லை. பிறகு, இந்தாங்கம்மா ஒங்க பேனா என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. போனை வைத்துவிட்டார்.

வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே முப்பத்தாறு முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்திருக்கலாம்ல. பஸ் கிளம்பிவிட்டது, அதனால்தான் இறங்கவில்லை என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், கோடு போட்டு எழுதியபோதுகூட அந்த இடத்தைத் தொடவில்லை. பஸ் கிளம்பவில்லை. கண்டக்டர் கீழே நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒரு பூக்காரி ஏறி ஒவ்வொரு சீட்டாக வந்து விற்றுவிட்டு இறங்கினாள், ஐந்து நிமிஷம் அந்தப் பஸ் அப்படியே நின்றது. மகள் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தபோது நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.